குருமனை மாதர்

கிறிஸ்தவ சபையின் குருவானவரை ‘ஐயர்’ என்றும், அவர்தம் மனைவியாரை ‘ஐயரம்மா’ என்றும் அழைத்தல் திருநெல்வேலிச் சீமையில் நெடுநாளைய வழக்கு. தெற்கே நாஞ்சில் நாட்டில் ‘போதகரம்மா’ என்பர். வழங்கும் பெயர் எதுவாயினும் அது கணவருடைய பணியினின்று கிளைத்த பெயரே. அவ்வம்மையார் ஞானஸ்நானத்திற் பெற்ற பெயர் யாதென்று, மூன்றாண்டு அவர் கையாற் காப்பி வாங்கிப் பருகிய சபையாரை வினவிப் பாருங்கள். பதின்மருள் இருவர் சொல்வராயின் அது பெரிது. ஐயர் பெயரையோ சிறு குழந்தையும் பட்டங்கள் உட்பட ஒப்பிக்கும். கோயிற் சுவரிற் பதித்த சலவைக்கற் பலகையும் அதனைச் சொல்லும்.

இதனை ஒரு குறையாக எடுத்து வழக்காடுதல் எம் கருத்தன்று. அப்பொதுப் பெயரையே தமக்குப் பெருமையாகக் கொண்ட அம்மையார் பலரை யாம் அறிவோம். யாம் சொல்லப் புகுந்தது வேறு. ஊரார் அனைவருக்கும் தாயாக இருக்குமாறு வேண்டப்படும் அப்பெண்மணிக்குத் துணை யார்? மனஞ் சோர்ந்த நாளில் அவர் எவரிடம் சென்று அமர்வார்? நம் கல்லூரியிற் பயின்றோருள் குருமனைப் பிள்ளைகள் பலர். இறையியற் கல்லூரியை நோக்கிச் செல்ல எண்ணும் மாணவரும், அத்தகையோரை மணக்கவிருக்கும் மாணவியரும் இவ்விதழைப் படிப்பர். யாமும் குருமனையிற் பிறந்து, ஐந்து குருமனைகளில் மாறி மாறி வளர்ந்தோம். ஆதலின் இப்பொருளை ஈண்டு எழுதுதல் தகுமென்று துணிந்தோம்.

திருமறையைப் புரட்டினும் இம்மாதரைப் பற்றிய செய்தி அருகியே காணப்படுகின்றது. பேதுருவின் மாமி சுரங்கொண்டு கிடந்ததையும், ஆண்டவர் அவளைக் கைபிடித்து எழுப்பியதையும் நாம் அறிவோம். மாமி உண்டெனின் மனைவியும் உண்டன்றோ? அம்மனைவி பின்னாளிற் கணவரோடு ஊர் ஊராகப் பிரயாணஞ் செய்தாள் என்பது, பவுல் கொரிந்தியருக்கு எழுதின முதலாம் நிருபத்தின் ஒன்பதாம் அதிகாரத்தால் விளங்குகின்றது. ஆயினும் அவள் பெயரை வேதத்தில் யாண்டும் காணோம். கலிலேயாக் கடற்கரையில் ஒரு மீனவனுக்கு வாழ்க்கைப்பட்டவள், அவன் வலையை விட்ட நாளில் என்ன நினைத்தாள், தாயை எவரிடம் விட்டுச் சென்றாள், புதிய ஊர்களில் எவரோடு பேசினாள் என்பன எழுதப்படாத சுவிசேஷத்தைச் சேர்ந்தவை.

எலிசபெத்து இதற்கு விலக்கானவள். அவள் ஆசாரியனாகிய சகரியாவின் மனைவி. ஆரோன் குலத்துப் பெண். யூதேயா மலைநாட்டில் வாழ்ந்தவள். முதிர்ந்த வயதிற் கருவுற்று ஐந்து மாதம் ஒளித்துக்கொண்டிருந்தாள். அக்காலமெல்லாம் அவள் கணவன் ஊமையாய் இருந்தான். குருவானவர் வாய் திறவாமல் வீட்டிலிருந்த அந்நாட்கள் எலிசபெத்துக்கு எவ்வாறு கழிந்தன என்று லூக்கா எழுதவில்லை. குருமனை மாதர் சிலரிடம் யாம் இதனைச் சொன்னபோது அவர்கள் முகத்தை முந்தானையால் மறைத்துக்கொண்டு நகைத்தமை மட்டும் எமக்குத் தெரியும். அது நிற்க. ஆறாம் மாதத்திற் கடவுள் அவள் வீட்டுக்கு அனுப்பியது மற்றொரு தேவதூதனை அன்று. நாசரேத்தூரிலிருந்து மரியாள் என்னும் பெண் நடந்து வந்தாள். ஏறக்குறைய மூன்று மாதம் உடனிருந்தாள். ஒருத்தி கிழவி, மற்றவள் சிறுபெண்; எனினும் இருவர் சுமந்த சுமையும் ஓரினத்தது. தன் சுமையைப் போன்றதொரு சுமையைத் தாங்கினவள் அருகிலிருத்தல் எத்துணைப் பெரிய ஆறுதல் என்பதை அவ்வதிகாரத்தினும் தெளிவாக யாம் வேறெங்கும் படித்ததில்லை.

குருமனையின் ஒரு நாளை அறியாதோர் அதனை ஓய்வான வாழ்வென்று எண்ணுவர். பெரிய வீடு, சுற்றிலும் தோட்டம், வேம்பின் நிழல், வாடகை இல்லை என்று கணக்கிடுவர். அவ்வீட்டுக்கு வாசல் இரண்டு என்பதை அவர்கள் கவனிப்பதில்லை. முன்வாசல் ஐயருக்கு உரியது. உபதேசியார் கணக்குப் புத்தகத்தோடு வருவதும், சபை மூப்பர் கோயிற் கூரையைப் பற்றிப் பேச வருவதும், பிள்ளையைப் பள்ளியிற் சேர்க்கக் கடிதம் வேண்டி ஒருவர் கைகட்டி நிற்பதும் அங்கே. பின்வாசல் அம்மாவுக்கு உரியது. கணவனிடம் அடிபட்டவள், பிள்ளைப்பேறின்றி மாமியார் வாய்க்கு அஞ்சுகின்றவள், மகள் கலியாணத்துக்கு வாங்கின கடனை இன்னும் எவருக்கும் சொல்லாதவள், இவர்கள் முன்வாசலில் தலைகாட்டார். “அம்மா, ஐயா இருக்காகளா?” என்று கேட்டுக்கொண்டே அடுக்களைப் படியில் அமர்வர். ஐயா இல்லை என்பது தெரிந்துதான் அவ்வேளை வந்திருப்பர். உலையில் அரிசி கொதிக்க, இடுப்பிற் குழந்தை அழ, அவர்கள் சொல்வதெல்லாம் கேட்டாக வேண்டும். கேட்டதை ஒருவருக்கும் சொல்லவுங் கூடாது. சபையின் துக்கத்திற் பெரும்பாகம் பின்வாசல் வழியே உள்நுழைந்து அங்கேயே தங்கிவிடுகின்றது.

இவையன்றி ஞாயிறு பள்ளி, பாடகர் குழு, மாதர் சங்கம், கைப்பிடி அரிசிக் காணிக்கை, நற்கருணை மேசைக்குரிய வெண்துகில்களைத் துவைத்து மடித்தல், வருகின்ற பிரசங்கியாருக்கு விருந்து, அசனப் பண்டிகைக்கு மூன்று நாள் முன்னிருந்தே உறக்கமின்மை என்று நீண்டுகொண்டே போகும். இவற்றுக்குச் சம்பளம் இல்லை என்பதை ஒரு குறையாக எம் அன்னையார் ஒருநாளும் சொல்லக் கேட்டதில்லை. பட்டுடுத்தால் ஆடம்பரம் என்றும், சாயம்போன நூற்புடைவை உடுத்தால் சபைக்கு அவமானம் என்றும் சொல்லப்படுவதைக் குறித்து மட்டும் சில வேளை வருந்துவார். கோயிலில் அவர் எவ்விருக்கையில் அமர்கின்றார், எவளைப் பார்த்து முதலிற் சிரிக்கின்றார், அவர் பிள்ளைகள் ஜெப வேளையிற் கண்ணை மூடுகின்றனவா என்பனவெல்லாம் பின்னிருந்து எண்ணப்பட்டன. யாம் கண்ணை மூடாமற் பிடிபட்ட ஞாயிறுகளில் தண்டனை எமக்கு; பழி அன்னைக்கு.

இத்துணை மக்கள் வந்துபோகும் வீட்டில் தனிமை உண்டோ என்று சிலர் வியப்பர். உண்டு, அது கூட்டத்தினால் விளையும் தனிமை. ஓர் ஊரில் எந்த வீட்டுப் பெண்ணும் கணவனோடு மனத்தாங்கல் கொண்டால் குருவானவரிடம் சென்று முறையிடலாம். குருவானவர் மனைவிக்கு அவ்வழி அடைபட்டது. அவருடைய குருவானவரே அவர் கணவர். ஊரில் எல்லார்க்கும் ஒரு மேய்ப்பன் உண்டு, இவருக்கு மட்டும் இல்லை. இனி, ஒரு குடும்பத்தோடு நெருங்கிப் பழகினால் மற்றொரு குடும்பம் முகஞ் சுளிக்கும். இரண்டு தெருவும் மூன்று கட்சியும் உள்ள சேகரத்தில், அதிலும் சபைத் தேர்தல் அண்மையில் வருமாயின், ஐயரம்மா எவர் வீட்டுத் திண்ணையில் அரை நாழிகை கூடுதலாக இருந்தார் என்பது வாக்குக் கணக்கிற் சேர்ந்துவிடும். ஆகவே விவேகமுள்ளவர் எல்லாரிடமும் அன்பாயிருந்து ஒருவரிடமும் தோழமை கொள்ளாது காலங் கழிக்கின்றனர். சரி, அவ்வூரில் எப்படியோ ஒரு தோழி கிடைத்துவிட்டாள் என்று வைத்துக்கொள்வோம். மூன்றாம் ஆண்டோ ஐந்தாம் ஆண்டோ மாற்றல் உத்தரவு வந்துவிடும். பெட்டிகளைக் கட்டி லாரியில் ஏற்றுகின்ற நாளில், போகின்றவளும் அழுவாள், நிற்கின்றவளும் அழுவாள். அடுத்த ஊரில் அத்தகைய தோழமைக்கு மனம் எளிதில் இடங் கொடாது.

ஆயினும் இம்மாதர் தமக்குள்ளே ஓர் ஐக்கியத்தை எவரும் சொல்லாமலே நடத்தி வந்திருக்கின்றனர். அதனைச் சங்கம் என்று எவரும் பதிவு செய்யவில்லை. அதற்குத் தலைவி, காரியதரிசி, அறிக்கை ஒன்றும் இல்லை. குருமனைத் தோட்டத்து முருங்கையை நட்டவள் ஒருத்தி, காய் பறிப்பவள் அவளுக்கு இரண்டு தலைமுறை பின்வந்தவள். கறிவேப்பிலையும் எலுமிச்சையும் அவ்வாறே. எம் அன்னையார் ஒவ்வொரு குருமனையிலும் முதல் மழைக்கு ஏதேனும் ஒரு கன்று நடுவார். தாம் அதன் பயனை உண்ணப்போவதில்லை என்பது அறிந்தே நடுவார். தேரி மணல் சூழ்ந்த ஓர் ஊருக்கு யாங்கள் மாற்றலாகிச் சென்ற இரவு, மின்விளக்கு இல்லை. தூசி படிந்த வீடு. பிள்ளைகள் பசியால் அழுதோம். அடுக்களையிற் சென்று பார்த்தால் மூடிய குடத்தில் நல்ல தண்ணீர், அடுக்கிய விறகு, ஒரு படி அரிசி, புளி, உப்பு, வத்தல், ஒரு தீப்பெட்டி. முன்னிருந்த ஐயரம்மா வைத்துப் போனவை. அவரை எம் அன்னையார் அதுவரை கண்டதில்லை. கதவின் பின்புறத்தில் அவர் பிள்ளைகளின் உயரம் கரிக்கோட்டால் ஆண்டுதோறும் குறிக்கப்பட்டிருந்தது. அன்னையார் அக்கோடுகளைச் சுண்ணாம்பு அடிக்கும்போதும் அழிக்கவிடவில்லை. அவற்றின் பக்கத்திலே எங்கள் கோடுகளையும் இட்டார்.

அடுத்த சேகரத்து ஐயரம்மா ஒருவர் இருந்தார். அவரும் அன்னையாரும் ஒருவரையொருவர் ‘அக்கா’ என்றே அழைத்துக்கொள்வர். இருவரில் மூத்தவர் யாரென்று இன்றளவும் எமக்குத் தெரியாது. ஆண்டில் நான்கு முறையோ ஐந்து முறையோ, பண்டிகையை முன்னிட்டுத்தான் சந்திப்பு நிகழும். குருமார் இருவரும் முன்கூடத்திற் சபைக் காரியங்களை ஆராய்ந்துகொண்டிருக்க, இவர்கள் கிணற்றடித் துவைகல்லில் அமர்வர். வேத ஆராய்ச்சி நடந்ததாக எமக்கு நினைவில்லை. கிணற்றுத் தண்ணீர் உப்பாக மாறியது, பால்காரி அளவு குறைத்தது, கடைக்குட்டியின் இருமல், ஐயர் எழுதி வைத்த பிரசங்கத் தாளில் தவறுதலாகக் கருப்பட்டி மடித்துக் கொடுத்துவிட்டது, இப்படிப்பட்ட பேச்சே. அன்னையார் அங்கே சிரித்தது போல் வீட்டிற் சிரித்ததை யாம் கேட்டதில்லை. வாய்விட்டு, கண்ணீர் வரச் சிரிப்பார். ஒருமுறை அழவுஞ் செய்தார். அந்த அக்கா ஒன்றும் சொல்லாமல் வாளியில் நீர் இறைத்துக்கொண்டேயிருந்தார். இறைத்த நீர் முழுவதும் வாழைக்குப் பாய்ந்தது. அன்று இரவு அன்னையார் நன்றாக உறங்கினார் என்பது நினைவிருக்கின்றது.

பழைய மிஷனெரிமாரின் வரலாற்றை இதனோடு ஒப்பிட்டுப் பார்க்க ஓர் உண்மை புலப்படுகின்றது. அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்தோர், சமவெளியின் வெப்பத்தாலும் நோயாலும் தம்முட் பலரைப் பறிகொடுத்தபின், 1845-ஆம் ஆண்டிற் கொடைக்கானல் மலையில் தங்கள் முதல் வீடுகளைக் கட்டினர். உடல்நலம் கருதிய ஏற்பாடே எனினும் அதனால் மற்றொரு நன்மையும் விளைந்தது. பின்னாட்களிற் பற்பல மிஷன்களைச் சேர்ந்த குடும்பங்கள் கோடைதோறும் அங்கே கூடின. ஆண்டு முழுவதும் தன் மொழி பேசும் பெண் ஒருத்தியையும் காணாமல் இருந்த மிஷனெரி மனைவி, அங்கே சில வாரம் தன்னையொத்த பெண்களோடு இருந்தாள். மகப்பேற்றையும் மரணத்தையும் பற்றிப் பேசினாள். கடிதத் தொடர்பு கொண்டு இறங்கினாள். நம் நாட்டுக் குருவானவரின் மனைவிக்கோ அத்தகைய மலை ஒன்றும் வாய்க்கவில்லை. தன் நாட்டிலே, தன் மொழியினர் நடுவே இருக்கின்றாளே, அவளுக்கு எதற்கு என்று நினைத்தனர் போலும். எவரும் தீய எண்ணங் கொண்டு அவ்வாறு செய்தாரல்லர்; ஒருவருக்கும் அது தோன்றவில்லை என்பதே உண்மை.

தோன்றாமற் போனதற்கு அம்மாதரின் ஆற்றலும் ஒரு காரணம் என்பது எம் எண்ணம். அவர்கள் செய்த வேலையைக் கண்டோர் அவர்களுக்குக் குறையிருக்கும் என்று நினையார். நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் அம்மையார் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்திப் பின்னல் வேலையும் கற்பித்தார். அவர் மகள் எலைசா 1844-ல் கால்டுவெல் ஐயரை மணந்து இடையன்குடியில் அத்தொண்டைத் தொடர்ந்தார். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை நம் மாணவர் அறிவர். அந்நூலாசிரியரின் வீட்டை நடத்தினவரை அறிவாரோ என்பது ஐயம். திருநெல்வேலி ஜான் தேவசகாயம் ஐயரின் மகளாராகிய அன்னா அம்மையார், சத்தியநாதன் ஐயருக்கு வாழ்க்கைப்பட்டுச் சென்னை சென்று, பெண் பள்ளிகளை நடத்தி, வெளிவராத மாதரை வீடுதோறும் சந்தித்துக் கற்பித்து, ‘நல்ல தாய்’ என்னும் நூலும் எழுதினார். குருவானவரின் மகளும் குருவானவரின் மனைவியுமாகிய அவருக்குக் குருமனையைப் பற்றி எவரும் பாடஞ் சொல்ல வேண்டியதில்லை.

இவர்களுள் எம் நினைவில் அடிக்கடி வருபவர் அன்பு மரியம்மாள். 1898-ல் அசரியாவை மணந்தார். பின்னர்த் தமிழ்நாட்டை விட்டுத் தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல்லுக்கு அவரோடு சென்றார். 1910-ல் எடின்பரோ நகரில் நடந்த உலக மிஷனெரி மாநாட்டில் அசரியா எழுந்து, மேனாட்டு ஊழியர் எமக்குச் செய்த தியாகங்களையெல்லாம் அறிவோம், இனி எமக்கு வேண்டுவது சமமான நட்பு என்று பொருள்படப் பேசியதைத் திருச்சபை வரலாறு பொன்னேபோற் போற்றுகின்றது. 1912-ல் அவர் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்திய அத்தியட்சரானார். எடின்பரோவில் அவர் கேட்ட அப்பொருளையே, அந்நாட்களில் அன்னிய மொழி வழங்கும் கிராமப் பெண்களிடையே உழைத்த அவர் மனைவியாருக்கு எவர் கொடுத்தார் என்று யாம் சில வேளை எண்ணுவதுண்டு. அத்தியட்சரின் வேண்டுகோள் மாநாட்டு மண்டபத்திற் கேட்டது. அடுக்களையில் எழும் வேண்டுகோள் கேட்பதற்கு மண்டபம் இல்லை.

இங்கிலாந்தில் இத்தகைய வேண்டுகோள் ஒன்று சங்கமாகவே மலர்ந்தது. ஹாம்ப்ஷயரைச் சேர்ந்த ஓல்ட் ஆல்ரெஸ்போர்டு என்னும் சிற்றூர்க் குருவானவரின் மனைவி மேரி சம்னர். தம் மகள் முதற் பிள்ளை பெற்ற காலத்து, தாய்மையின் பொறுப்பைத் தாமும் எவ்விதத் துணையுமின்றித் தாங்கினதை நினைந்து, 1876-ல் ஊர்ப் பெண்களைக் குருமனைக்கு அழைத்தார். சீமாட்டியரும் வந்தனர், கூலிக்காரர் மனைவியரும் வந்தனர். வந்தவர்களைப் பார்த்ததும் அம்மையாருக்கு நா எழவில்லை. அடுத்த வாரம் வாருங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்! அவர்கள் அடுத்த வாரமும் வந்தனர் என்பதே இதில் வியப்பு. ஒன்பது ஆண்டு கழித்து, 1885-ல் போர்ட்ஸ்மத் நகரில் ஒரு பெருங்கூட்டத்திற் பேசினபின் அச்சங்கம் நாடெங்கும் பரவியது. கடல் கடந்து நம் திருமண்டலங்களிலும் வேரூன்றியது.

இச்சங்கங்களால் விளைந்த நன்மை பெரிது, மறுப்பாரில்லை. ஆனால் ஒன்று கவனித்தல் வேண்டும். மாதர் சங்கத்தில் ஐயரம்மா எந்நாளும் தலைவி. ஜெபம் ஆரம்பிப்பவர் அவர், கணக்கைச் சரிபார்ப்பவர் அவர், மனத்தாங்கலைத் தீர்ப்பவர் அவர், பாய் விரிக்க ஆள் வராவிட்டால் விரிப்பவரும் அவரே. எல்லாப் பெண்களும் தங்கள் பாரத்தை இறக்கிவைக்கும் அவ்விடத்தில் அவர் தம் பாரத்தை இறக்கமுடியாது. பிறர்க்கு ஆறுதலாக அமைந்த கூட்டம் அவர்க்கு மேலும் ஒரு வேலையாயிற்று. தலைவியாக அன்றி வெறும் உறுப்பினராக, வாய் பேசாமல் மூலையில் அமரக்கூடிய ஒரு கூட்டம் அவருக்கு எங்கே இருக்கின்றது?

ஊக்கம் அளித்தல் என்ற பெயரால் இப்பொழுது நடைபெறுவன சிலவற்றையும் சொல்லிவிடுகின்றோம். பிரிவுபசாரக் கூட்டத்தில் ஐயருக்கு மாலையும் பொன்னாடையும் அணிந்தபின், ‘அம்மாவும் வரவேண்டும்’ என்று அழைத்து ஒரு சால்வை போர்த்துகின்றனர். மூன்றாண்டு பேசாதவை அந்த ஐந்து நிமிடத்திற் பேசப்படுகின்றன. குருமார் மனைவியர் கூடுகை என்று பெயரிட்டு ஆண்டுக்கு ஒருநாள் அழைத்து, காலைமுதல் மாலைவரை நான்கு பிரசங்கியார்கள், நால்வரும் ஆடவர், நல்ல மனைவியின் இலக்கணத்தை விரித்துரைப்பதும் சில இடங்களில் உண்டு. அத்தகைய ஒரு கூட்டத்திலிருந்து திரும்பிய முதிய அம்மையார் ஒருவர் எம்மிடம், “எல்லாம் நல்லாத்தான் பேசினாக, மத்தியானம் சாப்பாட்டு வேளையில பக்கத்துல இருந்த அம்மாகிட்ட ரெண்டு வார்த்தை பேசினோமே, அதுக்காகத்தான் போனேன்” என்றார். யாம் அறிந்தவரையில் அச்சாப்பாட்டு வேளையே கூடுகை. மற்றவை அதற்கு முன்னுரையும் பின்னுரையும்.

காலம் மாறியிருக்கின்றது என்பதை மறந்தோமல்லோம். 1947-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 27-ஆம் நாள் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது இருந்த குருமனை இன்று இல்லை. இந்நாட் குருமனை மாதர் பலர் ஆசிரியையராகவும் செவிலியராகவும் வேலைபார்க்கின்றனர்; கணவருக்கு மாற்றலாகும்போது இவர்கள் பள்ளியும் மருத்துவமனையும் உடன் மாறுவதில்லை. ஆதலால் ஒரு குடும்பம் இரண்டு ஊரில் வாழ்கின்றது. பெண்களும் குருப்பட்டம் பெறுகின்றனர். அவர்தம் கணவரைச் சபையார் என்ன பெயரிட்டு அழைப்பது என்று இன்னும் முடிவாகவில்லை. அஞ்சலட்டையின் இடத்திற் கைப்பேசி வந்துள்ளது. இரவு பத்து மணிக்குப் பிறகு, எல்லாரும் உறங்கியபின், வேறொரு மாவட்டத்து ஐயரம்மாவோடு தாழ்ந்த குரலிற் பேசும் வழக்கமுள்ளோரை யாம் அறிவோம். கிணற்றடித் துவைகல்லின் வேலையை அக்கருவி ஓரளவு செய்கின்றது. வாளியில் நீர் இறைத்துக்கொண்டே உடனிருத்தல் மட்டும் அதனால் இயலாது.

மாறாத ஒன்று உண்டு. குருமனை, குருவானவர் உயிரோடு பணியிலிருக்குமளவுமே குருமனை. அவர் இடையில் இறப்பாராயின், சில மாதத்தில் அடுத்தவர் வந்தாக வேண்டும். அதில் தவறில்லை, சபைக்கு மேய்ப்பன் வேண்டும். ஆனால் நேற்றுவரை ஊர் முழுதும் ‘அம்மா’ என்று அழைத்த பெண், பிள்ளைகளோடும் பெட்டிகளோடும் எங்குச் செல்வது என்று அறியாமல் நிற்பதை யாம் கண்டிருக்கின்றோம். சொந்த வீடு கட்டாதவர், கட்ட வேண்டும் என்று நினையாதவர். குருமாரின் இல்லற வாழ்வுக்கு மேனாட்டில் முன்மாதிரியாகக் காட்டப்படும் கத்தரீனாவுக்கும் இதுவே நேர்ந்தது. 1525-ல் மார்ட்டின் லூத்தரை மணந்து, விட்டன்பர்க் மடத்தையே வீடாக்கி, மாணவருக்கும் அகதிகளுக்கும் உணவளித்து, தோட்டமும் மாட்டுக்கொட்டிலும் பேணி அவ்வீட்டை நடத்தினவர். 1546-ல் லூத்தர் மரித்தபோது, மனைவியை நம்பி அவர் எழுதிவைத்த மரண சாசனத்தை அந்நாட்டுச் சட்டம் அப்படியே ஏற்கவில்லை, காப்பாளர் நியமிக்கப்பட்டனர். பின்னர் யுத்தம் வந்து நிலங்கள் பாழாயின. 1552-ல் கொள்ளைநோய்க்கு அஞ்சி ஊரைவிட்டுச் செல்கையில் வண்டியிலிருந்து விழுந்து, அவ்வாண்டு டிசம்பரில் தோர்காவு நகரில் உயிர்நீத்தார்.

இரண்டாம் இராஜாக்கள் நான்காம் அதிகாரத்தில் வருகின்ற விதவையும் குருமனைப் பெண்ணே. அவள் கணவன் தீர்க்கதரிசிகளின் புத்திரரில் ஒருவன்; கடனை வைத்துவிட்டு இறந்தான். கடன்காரன் அவள் குமாரர் இருவரையும் அடிமைகளாக்க வந்தான். எலிசா அவள் வீட்டிலிருந்த ஒரு குடம் எண்ணெயைக் கொண்டே அற்புதஞ் செய்தான் என்பதைச் சிறுவரும் அறிவர். அதற்குமுன் அவன் இட்ட கட்டளையை நாம் வேகமாய்க் கடந்துவிடுகின்றோம். அயல்வீட்டார் எல்லாரிடத்திலும் வெறும் பாத்திரங்களைக் கேட்டு வாங்கு, கொஞ்சமாய் வாங்காதே என்றான். பாத்திரங்கள் உள்ளமட்டும் எண்ணெய் பெருகிற்று. பாத்திரம் தீர்ந்ததும் நின்றது. அயலார் கொடுத்த அளவே அற்புதத்தின் அளவாயிற்று. விதவைகள் நிதி வைத்துள்ள திருமண்டலங்கள் போற்றத்தக்கன. அந்நிதியின் தொகையை விலைவாசியோடு ஒப்பிட்டு ஆண்டுதோறும் பார்ப்பார் யார் என்பதும், ஓய்வுபெறும் வரை வீடு இல்லாத குடும்பத்துக்கு ஒரு சிறு மனை வாங்கச் சபை உதவலாகாதா என்பதும், பொருளியல் பயிலும் நம் மாணவர் ஆராய்ந்து எழுதத்தக்க பொருள்கள்.

இறுதியாக ஒரு விண்ணப்பம். மே மாதத்தில் நம் கல்லூரிப் பெண்கள் விடுதி ஏறக்குறைய வெறுமையாய்க் கிடக்கின்றது. மரங்கள் உண்டு, தண்ணீர் உண்டு, மாலையில் நல்ல காற்றும் உண்டு. அம்மாதத்தில் நான்கு நாள் அவ்விடுதியைக் குருமனை மாதருக்குத் திறந்துவிடலாம் என்பது எம் யோசனை. கணவரை இழந்த அம்மையாரும் தவறாமல் அழைக்கப்படல் வேண்டும். மூத்த அம்மையார் ஒருவருக்கும் புதிதாய் மணமாகி வந்த பெண் ஒருத்திக்கும் ஓரறை என்று ஏற்பாடு செய்தால் நலம். காலையில் ஒரு சிறு ஆராதனை போதும். அதனை அவர்களே நடத்துவர். அதன்பின் நிகழ்ச்சி நிரல் ஒன்றும் வேண்டா. சிறு பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள மாணவ மாணவியர் பதின்மர் முன்வந்தால் போதும். சமையலுக்குக் கூலிக்கு ஆள் அமர்த்த வேண்டும். இல்லையேல் பழக்கத்தால் அம்மையார் எல்லாரும் அடுக்களைக்குள் நுழைந்துவிடுவர், அந்நான்கு நாளும் வீணாகும். வீட்டில் இருக்கும் ஐயர்மார் என்ன செய்வர் என்று நண்பர் ஒருவர் எம்மைக் கேட்டார். அரிசிப்பானை எங்கே இருக்கின்றதென்று அம்மாவிடம் முன்னரே கேட்டு வைத்துக்கொள்ளட்டும்.